பள்ளம் கண்டால் குறுக்கே நிற்கும்

நாயின் கண்ணால் பார்க்கிறவனுக்கு உலகம் முழங்கால் உயரத்தில்தான் ஆரம்பிக்கும். ஒச்சப்பனுக்கு ஒன்பது வருசமாக அப்படித்தான். ஆள் என்றால் முதலில் செருப்பு, அப்புறம் கெண்டைக்கால், ரொம்ப அண்ணாந்தால் மோவாய். முகத்தைப் பார்த்து ஆளை நம்புகிறவன் நாசமாய்ப் போவான் என்பது அவர் கட்சி. முகம் சிரித்துக்கொண்டே பொய் சொல்லும். காலுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

அன்றைக்கு டாக்டரம்மாவின் கால்கள் மேசைக்கு அடியில் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கிடந்தன. கெட்ட சேதி என்று அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"நாளைக்குக் காலைல பத்து மணிக்குக் கூட்டிட்டு வந்துருங்கய்யா. இதுக்கு மேல தள்ளிப்போட முடியாது."

"இன்னைக்குக் காலைல கூட நாலு இட்டிலி தின்னானேம்மா."

"வயிறு நல்லாத்தான் இருக்கு. மண்டைக்குள்ளதான் கோளாறு. நாங்க வச்ச இழை இருக்குல்ல, அதச் சுத்திப் புண்ணாயிருச்சு. இந்த மாசம் மூணு தடவ வலிப்பு வந்துச்சுன்னு நீங்கதான சொன்னீங்க? அடுத்தது பெருசா வரும். துடிச்சுத் துடிச்சுப் போகும். ஊசி போட்டா தூங்குற மாதிரி போயிரும்."

"இழைய வச்சது யாரு?"

மேசைக்கு அடியில் பின்னிய கால்கள் இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டன.

"வச்சதும் நீங்க, புண்ணாக்குனதும் நீங்க, கொல்லப்போறதும் நீங்க. நல்லாருக்கும்மா உங்க வைத்தியம்."

காலடியில் படுத்திருந்த சங்கிலி தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது. உடனே ஒச்சப்பனுக்கு ஒச்சப்பன் தெரிந்தார். தையல் போட்டு மூடிய இரண்டு குழிகள், முள்ளு முள்ளாகத் தாடி, துடிக்கிற தாடை.

நாயின் மூளைக்குள் ஓர் இழை. அவர் காதுக்குப் பின்னால் மண்டையெலும்பில் பொட்டளவு தகடு. அது பார்ப்பது இவருக்குத் தெரியும், அவ்வளவுதான். எப்படி என்று ஆரம்பத்தில் கேட்டபோது படம் போட்டு விளக்கினார்கள். குருடனுக்குப் படம் போட்டு விளக்குகிற படிப்பாளிகளிடம் கேள்வி கேட்பதை அவர் அன்றோடு விட்டுவிட்டார். நாய்க்குச் சிவப்பு தெரியாது, அதனால் உங்களுக்கும் தெரியாது என்றார்கள். "பச்ச மிளகாயும் பழுத்த மிளகாயும் ஒண்ணாத் தெரியும், அம்புட்டுத்தான? ரெண்டும் உறைக்கத்தான போகுது" என்று சொல்லிவிட்டு நாயைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

பேர்தான் சங்கிலி. அதன் கழுத்தில் ஒரு நாளும் சங்கிலி விழுந்ததில்லை. கோம்பைச் சாதி, கறுத்த மூஞ்சி, முரட்டு உடம்பு. பயிற்சி கொடுத்தவர்கள் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்: "முன்னால பள்ளம்னா குறுக்க வந்து நிக்கும். நீங்க திட்டினாலும் நகராது, அடிச்சாலும் நகராது. அத மட்டும் நம்புங்க." எதையும் நம்பாத மனிதர், அதை நம்பினார். மழை நாளில் மூடி இல்லாத சாக்கடை, மாடிப்படியின் விளிம்பு, எத்தனையோ தடவை அது அவர் முழங்காலில் விலாவை வைத்து அழுத்திக்கொண்டு நின்றிருக்கிறது.

"அந்த வார்த்தை ஞாபகம் இருக்காய்யா?" என்றார் டாக்டரம்மா.

"இருக்கு."

"ஊசி போடறதுக்கு முன்னால நீங்க அதச் சொல்லணும். சொன்னா இழை நின்னுரும். சொல்லாம விட்டா, அது போற நேரத்துல வர்ற வலிப்பு உங்க மண்டைக்கும் தாவிரும். நீங்களும் பொழைக்க மாட்டீங்க. ஒரு தடவ சொல்லிட்டா திருப்பி இணைக்க முடியாது. அதனால நாளைக்கு இங்க வந்துதான் சொல்லணும்."

வார்த்தையைத் தேர்ந்தெடுத்தது அவரேதான். இந்த நாயிடம் நீங்கள் எந்த நாளும் சொல்லப்போகாத வார்த்தை ஒன்று சொல்லுங்கள் என்று ஒன்பது வருசத்துக்கு முன்னால் கேட்டார்கள். 'வா'வும் 'போ'வும் 'சனியனே'யும் தினம் வருகிற வார்த்தைகள். யோசித்துவிட்டு, "போயிட்டு வா" என்றார். ஊருக்குப் போகிற மனுசருக்குச் சொல்வது. கூடவே கிடக்கிற நாய்க்கு யார் சொல்லப்போகிறார்கள்?

"அடுத்த நாய்?"

"வரிசை நீளமா இருக்குய்யா. ரெண்டு வருசமாவது ஆகும்."

"நான் கேக்கல. நீங்க சொல்லுவீங்கன்னு தெரியும், அதான் முந்திக்கிட்டேன். எனக்கு அடுத்த நாய் வேணாம்."

வெளியே வந்து வேப்பமரத்து நிழலில் நின்றார். மணி ஒன்பதரை. கண் இருப்பது இன்னும் ஒரு நாள். நாளைக்குப் பத்து மணிக்கு மேல் அவருக்குக் கண்ணும் கிடையாது, சங்கிலியும் கிடையாது.

அப்படியென்றால் சிங்கராசுவை இன்றைக்கே பார்த்துவிட வேண்டியதுதான்.

சிங்கராசு குவாரியில் வெடிக்காரனாக இருந்தவன். பாறையில் மருந்து கெட்டித்துத் திரியைக் கொளுத்துவது அவன் வேலை. திரி எரிகிறது, வராதே என்பதற்குச் சிவப்புக் கொடி. வெடித்து முடிந்தது, வரலாம் என்பதற்குப் பச்சைக் கொடி. பன்னிரண்டு வருசத்துக்கு முன்னால் ஒரு நாள் அவன் திரியைக் கொளுத்திவிட்டுப் பச்சையைத் தூக்கிப் பிடித்தான். ஒச்சப்பனும் அவர் தம்பி சிவனாண்டியும் மறைவிலிருந்து எழுந்து மேலே ஏறினார்கள். தம்பியைச் சாக்கில்தான் அள்ளினார்கள். ஒச்சப்பனுக்குக் கண் இரண்டும் போயிற்று. சிங்கராசு அன்று சாயங்காலமே ஊரைவிட்டு ஓடிவிட்டான். முந்தின வாரம்தான் சிவனாண்டிக்கும் அவனுக்கும் சாராயக் கடையில் கைகலப்பு. வேண்டுமென்றே செய்தான் என்பதில் ஒச்சப்பனுக்கு ஒரு பொட்டுச் சந்தேகமில்லை.

கண் போன நாளில் கண்ணால் பார்த்ததெல்லாம் அவருக்கு மனப்பாடம். அதற்கப்புறம் சொந்தக் கண்ணால் பார்த்தது எதுவும் இல்லையே. தம்பி பல் விளக்கிய கரித்தூள். கொடிப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்த ஓணான். உளிக்கூடையை மேலே தூக்கிப்போக அவர் பெட்டியிலிருந்து ஒரு துணியை எடுத்தது. முனையில் கிடந்த முடிச்சு மண்டையில் உறுத்தும் என்று அதைப் பல்லால் கடித்து அவிழ்த்தது. அதைச் சும்மாடு கட்டிக் கூடையை ஏற்றி இறக்கிவிட்டுத் திரும்பப் பெட்டியில் போட்டது. கடைசியாக, பாறைத் தலையில் ஆடிய பச்சைக் கொடி. ராத்திரி பகல் இல்லாமல் அதை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார்.

வத்தலக்குண்டு பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் சிங்கராசு காவல் இருக்கிறான் என்பது மூன்று மாசத்துக்கு முன்பே தெரியும். கோழி லாரிக்காரன் ஒருவன் டீக்கடையில் சொன்னது காதில் விழுந்தது. அப்போதே போயிருப்பார். ஜெயிலுக்குப் போனால் சங்கிலிக்கு யார் சோறு வைப்பது என்ற ஒரே கேள்விதான் காலைக் கட்டியது. அந்தக் கட்டை டாக்டரம்மா அவிழ்த்துவிட்டார்.

வீட்டுக்குப் போய்ச் சங்கிலியைக் குளிப்பாட்டினார். ஆட்டு ஈரல் வாங்கி அவித்து வாழையிலையில் பொதிந்து மடியில் வைத்துக்கொண்டார். வேலை முடிந்ததும் கொடுக்க. பரண்மேல் கிடந்த குட்டைப்பிடிச் சம்மட்டியைத் துணிப்பையில் போட்டார்.

பஸ்ஸில் கண்டக்டர் மறித்தான். "பெருசு, நாய ஏத்தக் கூடாது."

"இது நாயில்லப்பா, என் கண்ணு. கண்ணக் கழட்டி வீட்டுல வச்சுட்டா வரமுடியும்?"

"அப்ப ஜன்னலோரமா உக்கார வையிங்க. ஊரப் பாத்துக்கிட்டு வரட்டும்."

பஸ் சிரித்தது. சங்கிலி ஜன்னலில் மோவாயை வைத்துக்கொண்டது. சாணி மஞ்சளாய் வயல்கள் ஓடின, நீலமாய் மலை வந்தது. அது பார்த்ததையெல்லாம் அவரும் பார்த்தார். நடுவில் ஒரு தடவை அவருக்குத் தெரிந்த படம் உதறியது, வெள்ளை வெள்ளையாய் மின்னியது. நாயின் உடம்பு விறைத்துத் தளர்ந்தது. அவர் அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே, "இன்னும் கொஞ்ச நேரம்டா, கொஞ்ச நேரம் தாங்கு" என்றார்.

பண்ணை ரோட்டைவிட்டுத் தள்ளி இருந்தது. நீளமாய் இரண்டு கொட்டகை, நடுவில் மண் முற்றம், ஒரு சின்ன ஓட்டுவீடு. தீவன வாளியோடு ஒருவன் முதுகைக் காட்டி நின்றான். பிளந்த குதிகால். இடது காலில் சுண்டுவிரல் இல்லை. குவாரியில் கல் விழுந்து நசுங்கிய விரல். கால் பொய் சொல்லாது.

"சங்கிலி, உக்காரு. பாரு."

நாய் உட்கார்ந்து பார்த்தது. ஒச்சப்பன் பையிலிருந்து சம்மட்டியை உருவினார்.

"சிங்கராசு."

அவன் திரும்பினான். வாளி கையில் ஆடியது. "ஒச்சண்ணே" என்றான். ஏதோ நேற்றுத்தான் பிரிந்த மாதிரி.

"கண்ணு தெரியாதவன் எப்பிடி வந்தான்னு பாக்குறியா?"

"நீ வருவேன்னு தெரியும்ணே. இத்தன வருசம் ஆனதுதான் ஆச்சரியம்."

"வாய மூடு."

முதல் அடி தோளில் விழுந்தது. காரை எலும்பு சுள்ளி மாதிரி ஒடிந்த சத்தம் கேட்டது. தன் முதுகைத் தானே வெளியே நின்று பார்த்துக்கொண்டு சண்டை போடுவது அவருக்குப் பழகிய காரியம். சந்தையில் பையைப் பிடுங்க வந்தவர்களைச் சங்கிலியின் கண்ணை வைத்துத்தான் மிதித்திருக்கிறார். இரண்டாவது அடியைத் தடுக்கக் கையைத் தூக்கினான் சிங்கராசு. மணிக்கட்டு தப்பான பக்கம் மடங்கியது. அலறிக்கொண்டு வாளியை வீசினான். அது ஒச்சப்பனின் நெற்றியைக் கிழித்தது. அவர் தடுமாறியபோது அவன் நல்ல கையால் மண்வெட்டியை எடுத்து விலாவில் ஒரு போடு போட்டான். மூச்சு நின்றது. கொட்டகைக்குள் ஆயிரம் கோழிகள் ஒரே சமயத்தில் கத்தின. வலைக்கம்பி வழியே இறகு பறந்தது.

ஒச்சப்பன் விழவில்லை. மண்வெட்டிக் காம்பைப் பிடித்து இழுத்து, அவன் முழங்காலைப் பார்த்துச் சம்மட்டியை இறக்கினார். சிங்கராசு சரிந்தான். வாயைப் பார்த்து எட்டி உதைத்தார். வாயிலிருந்து சேறு வழிந்தது. ரத்தம்தான். நாய்க்கண்ணுக்கு அது சேறு.

"இது செவனாண்டிக்கு. இனிமேதான் எனக்கு."

சம்மட்டியைத் தலைக்குமேல் தூக்கினார். அப்போது படம் திரும்பியது. சிங்கராசுவைக் காணோம். கொட்டகையின் கம்பிவலை தெரிந்தது, அதற்குள் மிரண்ட ஒரு கோழி தெரிந்தது.

"ஏய், இங்கிட்டுப் பாரு!"

சங்கிலி பார்க்கவில்லை.

"சனியனே, இங்க பாருடா!"

ஒன்பது வருசத்தில் அது அவர் சொல்லைத் தட்டியதில்லை, பள்ளத்தைத் தவிர. மறுபடி படம் அசைந்தது. தரை வேகமாய் ஓடி வந்தது. சிங்கராசு முனகுகிற இடத்தை நோக்கி அவர் காது சொன்னபடி இறக்கினார். முழங்காலில் ஏதோ பழக்கமான கனம் வந்து அழுத்தியது. அதே நொடியில் அவருக்குத் தெரிந்தது தன் கைதான். தன் கையும், கையிலிருந்த சம்மட்டியும். நேராகத் தன் கண்ணைப் பார்த்து அது பெரிதாகிக்கொண்டே வந்தது.

நிறுத்த முடியவில்லை.

நாய் கத்தக்கூட இல்லை. படம் கவிழ்ந்து பக்கவாட்டில் நின்றது. தரை செங்குத்தாய், அவர் கால் குறுக்கே. முற்றம் சாணி போட்டு மெழுகிய மாதிரி மட்டமாய்க் கிடந்தது. அங்கே பள்ளம் எதுவும் இல்லை.

"சங்கிலி?"

வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் ஓடி வந்தாள். சிங்கராசுவின் மகள் தவமணி, முப்பது வயசிருக்கும். மண்வெட்டியை எடுத்து அவர் முதுகில் மாறி மாறிப் போட்டாள். அவர் தடுக்கவில்லை. மண்டிபோட்டு நாயைத் தடவிப் பார்த்தார். காதுக்குக் கீழே, கழுத்து சேருகிற இடத்தில், எலும்பு உள்ளே போயிருந்தது.

"போதும் தாயி! விடு அவர, கண்ணு தெரியாத மனுசன்!" என்றான் சிங்கராசு தரையிலிருந்து.

"கண்ணு தெரியாதவனா உன்ன இப்பிடிப் பிளந்துருக்கான்?"

"கேளு உங்கப்பன! பச்சக் கொடியக் காட்டி ஏன் எங்கள மேல ஏத்துனான்னு கேளு!"

தவமணி மண்வெட்டியைக் கீழே போட்டாள். மூச்சு வாங்கியது. "இம்புட்டுத்தானா? இதுக்கா இத்தன வருசமா சுமந்துக்கிட்டுத் திரிஞ்ச? எங்கப்பனுக்குச் செகப்பே தெரியாதுய்யா. பொறவிலேயே தெரியாது. செகப்பும் பச்சையும் ஒண்ணு அவருக்கு."

"கத விடாத. ரெண்டு கண்ணும் இருக்கவனுக்கு எப்பிடிடீ தெரியாமப் போகும்?"

அவள் கொடிக்கயிற்றில் காய்ந்த இரண்டு துணிகளை உருவிக்கொண்டு வந்து அப்பன் முகத்துக்கு நேரே பிடித்தாள். "சொல்லுப்பா. எது செகப்பு?"

துணிகள் நாயின் கண்ணுக்கு முன்னாலும் ஆடின. ஒச்சப்பன் பார்த்தார். இரண்டும் ஒரே அழுக்கு மஞ்சள்.

"என்னடி ஏமாத்துற? ரெண்டும் ஒரே துணிதான!"

தவமணி அவரைப் பார்த்தாள். தரையில் கிடந்த நாயைப் பார்த்தாள். அவர் காதுக்குப் பின்னால் பொட்டு மாதிரி இருந்த தகட்டைப் பார்த்தாள்.

"ஒண்ணு செகப்பு. ஒண்ணு பச்ச" என்றாள் மெதுவாக.

கோழிகள் அடங்கிவிட்டன. சிங்கராசு வாயிலிருந்ததைத் துப்பிவிட்டுப் பேசினான். "இது வெளிய தெரிஞ்சா வெடிக்காரன் வேல குடுப்பாய்ங்களாண்ணே? மறச்சேன். செகப்புக் கொடி முனைல ஒரு முடிச்சுப் போட்டு வச்சிருந்தேன். கையால தடவுனா தெரிஞ்சுரும். பதினோரு வருசம் ஒரு தப்பு நடக்கல. அன்னைக்குத் திரியக் கொளுத்திட்டுப் பெட்டிக்குள்ள கைய விட்டா ரெண்டுலயும் முடிச்சு இல்ல. திரி எரியுது. ஒண்ண எடுத்தேன்."

"அன்னைக்கே ஏன்டா சொல்லல?"

"ஒரு உசுர வாங்கிட்டு, ஒன் கண்ணையும் வாங்கிட்டு, எனக்குக் கலரு தெரியாதுன்னு எந்த வாயால சொல்றது? முடிச்ச எந்தப் பாவி அவுத்தான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியலண்ணே."

ஒச்சப்பனுக்குப் பல்லில் அந்தத் துணியின் ருசி வந்தது. கல்தூளும் உப்பும். இறுகிக் கிடந்த முடிச்சு. என்ன நிறத் துணி என்று அன்றைக்கு அவர் கவனித்தாரா? கவனித்தார். சிவப்பு.

"நான்தான்டா" என்றார்.

"என்னண்ணே?"

"சும்மாடு கட்ட. மண்டைல உறுத்துச்சு. நான்தான் அவுத்தேன்."

படம் உதறத் தொடங்கியது. இந்தத் தடவை நிற்கவில்லை. சங்கிலியின் கால்கள் தரையைப் பிறாண்டின. அவர் மண்டைக்குள்ளும் வெள்ளை வெள்ளையாய் வெட்டியது, வாய் ஒரு பக்கம் இழுத்தது.

"அப்பா, இவருக்கும் இழுக்குது!"

"சொல்லுண்ணே, ஏதாவது நிறுத்துற வழி இருந்தாச் செய்யிண்ணே!"

மடியிலிருந்த பொதியைப் பிரித்தார். விரல் கேட்கவில்லை. ஈரலை அதன் மூக்கருகே வைத்தார். அது ஈரலை விட்டுவிட்டு அவர் கையை நக்கியது. கண்ணை உருட்டி அவரைத் தேடியது. வெட்டுகிற வெள்ளைக்கு நடுவே அவருக்குக் கடைசியாய் ஒரு தடவை அவரே தெரிந்தார். நெற்றி கிழிந்த ஒரு கிழவன், மூஞ்சி எல்லாம் சேறு. அடித்தவனைப் பார்க்கிற கண்ணில் பயம் இருக்கும் என்று நினைத்தார். அந்தப் படம் அசையாமல், விலகாமல், அவர் மேலேயே நின்றது.

சொல்லாமல் விட்டால் கூடவே போய்விடலாம். ஒரு மூச்சு நேரம் அப்படித்தான் இருந்தார். அப்புறம் நாய் அவர் முழங்காலில் விலாவை வைத்து அழுத்தியது. இருந்த கொஞ்ச பலத்தில், பள்ளத்துக்கு அழுத்துகிற அதே அழுத்தல்.

"சரிடா. சரி" என்றார். "போயிட்டு வா."

இருட்டியது.

இருட்டுக்குள் ஒரு சத்தம் கேட்டது. அவ்வளவு நீள வார்த்தையில் 'வா'வை மட்டும் பிடித்துக்கொண்டு, சங்கிலி எழுந்திருக்கப் பார்த்தது. நகம் தரையில் கீறியது. ஒரு தடவை. இன்னொரு தடவை. வால் இரண்டு முறை மண்ணைத் தட்டியது. அப்புறம் இல்லை.

அவர் அதன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். வெகுநேரம் கழித்து, நனைந்த இரண்டு கையையும் சிங்கராசுவின் முனகல் வந்த பக்கம் நீட்டினார்.

"சிங்கராசு, என் கைல என்ன நெறம்டா இருக்கு?"

அவன் உற்றுப் பார்த்திருக்க வேண்டும். நேரம் எடுத்துக்கொண்டான்.

"தெரியலண்ணே. சேறு மாதிரி இருக்கு."

"ஆமா" என்றார் ஒச்சப்பன். "அப்பிடித்தான் இருக்கும்."

சிவப்பு தெரிந்த ஆள் அந்த முற்றத்தில் தவமணி ஒருத்திதான். கையிலிருந்த இரண்டு துணியில் ஒன்றைக் கிழித்து அப்பனின் மணிக்கட்டில் கட்டினாள். இன்னொன்றை நாயின் மேல் போர்த்தினாள். எது எந்த நிறம் என்று இரண்டு பேரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.